தூத்துக்குடியும் தாமிரபரணிக் கரையும்: மூன்று ராத்திரி, அவசரமில்லாமல் முடியுமா?

பெரம்பூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். பிப்ரவரி கடைசியில் மூன்று ராத்திரி லீவு கிடைத்திருக்கிறது. நான், கணவர், நாலாம் வகுப்புப் பையன், அப்புறம் மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி, சுத்த சைவம், ஆனால் கோயில் என்றால் வலி மறந்துவிடும். கணவருக்குக் கோயில் என்றால் கொட்டாவி, மீன் என்றால் உயிர். பையனுக்குத் தண்ணீர் இருந்தால் போதும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஒரு நாளாவது அலாரம் இல்லாமல் எழுந்திருக்க வேண்டும்.

பாண்டிச்சேரி வேண்டாம், சனிக்கிழமை ஆனால் பாதி சென்னை அங்கேதான் இருக்கிறது. கடல் உள்ள ஊர், பக்கத்திலேயே வயல், ஆறு, கிராமம் என்று பச்சையும் வேண்டும். ஆபீஸில் ஒருவர் தூத்துக்குடி என்றார். வீட்டில் சொன்னால், "துறைமுகத்தையும் உப்பையும் பார்க்க லீவு போடுவாங்களா" என்று சிரிக்கிறார்கள். நான் போட்டிருக்கும் திட்டம்: முதல் நாள் காலை தூத்துக்குடி, மதியம் திருச்செந்தூர். இரண்டாம் நாள் நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோயிலும். மூன்றாம் நாள் கன்னியாகுமரி, வழியில் மணப்பாடு. நான்காம் நாள் திருநெல்வேலியில் அல்வா வாங்கிக்கொண்டு ரயில். திட்டுவதானால் திட்டுங்கள்.

உப்புக்காற்று

தூத்துக்குடிக்காரன், அதனால் திட்ட உரிமை உண்டு. அக்கா, இது லீவு இல்லை, தேர்தல் பிரசாரம்.

முதலில் கன்னியாகுமரியைத் தூக்குங்கள். போக வர அந்த நாள் முழுக்க காரிலேயே போய்விடும், இறங்கினால் அங்கேயும் கூட்டம்தான். நவதிருப்பதியிலும் ஒன்பதையும் ஒரே நாளில் வேண்டாம், குறையுங்கள். அப்புறம் மூன்று ராத்திரியும் தூத்துக்குடியிலேயே ஒரே அறையில் தங்குங்கள். பையைக் கட்டி, அறையைக் காலி செய்து, அடுத்த ஊரில் பன்னிரண்டு மணி செக்-இன்னுக்குக் காத்திருப்பதில் அரை நாள் போகும், அதுவும் பெரியவர்களை வைத்துக்கொண்டு. திருச்செந்தூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர் சொச்சம், ஆற்றங்கரை ஊர்களும் அந்தப் பக்கம்தான். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

கடலைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வந்து ஏமாறக் கூடாது. எங்கள் ஊர்க் கடல் பெரிய அலை அடிக்கும் கடல் கிடையாது. எதிரே மன்னார் வளைகுடாவில் தீவுகள் வரிசையாக இருப்பதால் நகரத்து ஓரம் தண்ணீர் பெரும்பாலும் அடங்கித்தான் கிடக்கும். தீவுகளுக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள், தேசியப் பூங்கா, விடமாட்டார்கள். முத்துநகர் கடற்கரை, ரோச் பூங்கா இரண்டிலும் சாயங்காலம் உட்கார்ந்தால் காற்று வாங்கலாம், தூரத்தில் கப்பல் விளக்கு தெரியும், பையன் ஓடுவான், அவ்வளவுதான். குளிக்கிற கடல் வேண்டுமென்றால் தெற்கே மணப்பாடு போங்கள்.

ஆனால் மீன் விஷயத்தில் உங்கள் கணவருக்கு இது சொர்க்கம். இங்கே விசைப்படகுகள் விடியுமுன் போய் ராத்திரிக்குள் திரும்புகிற வழக்கம் பல வருடமாக இருக்கிறது, அதனால் வாரக்கணக்கில் ஐஸில் கிடந்த மீனைத் தட்டில் போட மாட்டார்கள். வஞ்சிரம் வேண்டுமென்றால் சீலா என்று கேட்கச் சொல்லுங்கள். நாட்டுப்படகு மீன் ஏலம் பார்க்க ஆசை என்றால் திரேஸ்புரம் போகலாம், மாமியாரை மட்டும் அறையில் விட்டுவிட்டுப் போங்கள், வாடை தாங்க மாட்டார்.

கோவை_அம்மணி

நல்லவேளை பிப்ரவரி என்றீர்கள். மீனுக்காகப் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதை மறந்துவிட்டு மே லீவில் போய், கிடைப்பதைத் தின்றுவிட்டு வந்து "ஒன்றும் சரியில்லை" என்பார்கள். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் வகை குறைவு, விலையும் ஏறியிருக்கும்.

ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் பார்த்த அறை என்று கூடுதலாக வாங்குவார்கள், ஏமாறாதீர்கள். எங்களுக்கு ஓர் இடத்தில் கிடைத்த ஜன்னலில் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அதற்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு நீலம். கேட்டால் "அதுதான் மேடம் கடல்" என்றார்கள். லிஃப்ட் வேலை செய்கிறதா, ஜெனரேட்டர் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, இதை மட்டும் போன் போட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

குழைக்காதன்_அடிமை

மற்றதெல்லாம் சரி, நவதிருப்பதியை ஏன் குறைக்கச் சொல்கிறீர்கள்? ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஸ்ரீவைகுண்டத்தில் காலையில் ஆரம்பித்தால் முடியும். அந்த அம்மாவுக்கு மறுபடி எப்போது வாய்க்கும்?

உப்புக்காற்று

முடியும், யார் இல்லை என்றது? ஆனால் மதியம் பன்னிரண்டையொட்டி நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம்தான் திறப்பார்கள். ஒன்பதைப் பிடிக்க வேண்டுமென்றால் கோயிலுக்குக் கோயில் டிரைவர் ஹாரன் அடிப்பார், முழங்கால் வலிக்காரர் ஒன்பது இடத்தில் ஏறி இறங்க வேண்டும், சாமியின் முகம் ஒன்றுகூட மனதில் நிற்காது. ராத்திரி அறைக்கு வந்து, எந்தக் கோயிலில் பெருமாள் படுத்திருந்தார், எதில் நின்றார் என்று குழம்புவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

குழைக்காதன்_அடிமை

அதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் மூன்று. என் கணக்கில் இந்த மூன்று:

ஸ்ரீவைகுண்டம், மண்டபத் தூண் சிற்பங்களுக்காக. கோயில் பிடிக்காத உங்கள் கணவர்கூட அங்கே அரை மணி நேரம் நிற்பார். அடுத்து ஆழ்வார்திருநகரி, நம்மாழ்வார் இருந்த புளியமரம் உள்ள தலம். உறங்காப்புளி என்பார்கள், மற்ற மரங்களைப்போல ராத்திரியில் இலை மூடாது என்பது ஐதீகம். மூன்றாவது தென்திருப்பேரை. இது பையனுக்கு. மகரநெடுங்குழைக்காதர் சந்நிதிக்கு நேரே கருடன் இருக்க மாட்டார், கொஞ்சம் விலகியிருப்பார். வெளியே குழந்தைகள் விளையாடுவதைப் பெருமாள் பார்க்க வேண்டுமாம், மறைக்காதே என்று கருடனைத் தள்ளி உட்காரச் சொன்னதாகக் கதை. போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள், எந்தப் பையனுக்கும் அந்தப் பெருமாளைப் பிடிக்கும்.

மூன்றும் திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதையை ஒட்டியவை. அதற்கு மேல் மனசு கேட்டால் திருக்கோளூர், ஆழ்வார்திருநகரியிலிருந்து ரொம்பப் பக்கம். தலைக்கு மரக்காலை, அதாவது நெல் அளக்கும் படியை, வைத்துப் படுத்திருக்கிற பெருமாள்.

பெரம்பூர்க்காரி

மாமியாரிடம் படித்துக் காட்டினேன். "மரக்கால் பெருமாளையும் சேர், மூணுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. சரி, நாலு.

மதியம் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் என்ன செய்வது? திரும்ப ஊருக்கு வந்துவிடவா?

சைக்கிள்_சித்தன்

வராதீர்கள், அந்த மதியத்துக்குத்தான் ஆதிச்சநல்லூர். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம், அதே பாதையில். முதுமக்கள் தாழி கிடைத்த பரம்பு, அதாவது மேட்டு நிலம். 1876இல் பெர்லினிலிருந்து யாகோர் வந்து தோண்டி அள்ளிக்கொண்டு போனார், அப்புறம் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ வந்தார். இப்போது தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள், காலுக்குக் கீழே தாழிகள் மண்ணுக்குள் இருந்த நிலையிலேயே தெரியும். பையன் கண்ணாடி மேல் முதலில் கால் வைக்க மாட்டான், வைத்த பிறகு வெளியே வரமாட்டான். வெள்ளிக்கிழமை, அரசு விடுமுறை பார்த்துத் திறந்திருக்கிறதா என்று டிரைவரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. தாமிரபரணியில் கடைசி அணைக்கட்டு, வெள்ளைக்காரன் காலத்தது. இங்கிருந்து பிரியும் வடகால், தென்கால் இரண்டும்தான் கீழே உள்ள குளங்களையெல்லாம் நிரப்புகின்றன. அந்தப் பக்கத்து வாழைத் தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால், நெல் எல்லாம் இந்த இரண்டு வாய்க்கால் புண்ணியம். மேப்பைப் பார்த்துக்கொண்டு போவதைவிட, வாய்க்கால் ஓரமாகப் போகும் ஏதாவது ஒரு சின்ன ரோட்டில் காரைத் திருப்பச் சொல்லி மெதுவாகப் போங்கள். தென்திருப்பேரை பக்கம் கடம்பாகுளம் என்று பெரிய குளம், கரை மேல் நின்றால் அக்கரை சரியாகத் தெரியாது. பிப்ரவரியில் தண்ணீர் இருக்கும், பறவையும் இருக்கும். நான் சாயங்காலம் அங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன், கேட்டால் உடற்பயிற்சி என்று சொல்லிக்கொள்வேன்.

ரயில்_பைத்தியம்

காரை ஒரு நேரம் மறந்துவிட்டு, திருநெல்வேலி - திருச்செந்தூர் பாசஞ்சரில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் போய்ப் பாருங்கள். ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்று போகும். வாழை முடிந்து பனை, பனை முடிந்து உப்பளம் என்று ஜன்னலிலேயே நிலம் மாறும். காரைத் திருச்செந்தூர் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிடலாம்.

சென்னையிலிருந்து வர முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். ராத்திரி எழும்பூரில் ஏறிப் படுத்தால் காலையில் தூத்துக்குடி. முன்பதிவு இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், திறந்த அன்றே மாமியாருக்கு லோயர் பெர்த் போட்டுவிடுங்கள். விமானம் என்றால் வாகைக்குளம், 2025இல் புது முனையம் வந்துவிட்டது, ஆனால் நாலு பேர் டிக்கெட் விலைக்கு இன்னொரு லீவே போகலாம்.

ஒரு எச்சரிக்கை, இழையைப் பிறகு படிக்கிறவர்களுக்கும் சேர்த்து. நவம்பர், டிசம்பரில் இந்தப் பக்கம் நிதானமாக ஊர் சுற்றலாம் என்று போடாதீர்கள். வருஷம் முழுக்க மழையே இல்லாத ஊர் என்பார்கள், பெய்தால் 2023 டிசம்பர் மாதிரி பெய்யும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்று, பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள், அந்த ஊர்க்காரர்கள்தான் சோறு ஆக்கிப் போட்டார்கள்.

பனங்காட்டான்

உடன்குடி சொந்த ஊர், இருப்பது பெங்களூரு. எல்லோரும் ஆற்றோடு நின்றுவிட்டீர்கள், தேரியை யார் சொல்வது?

திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழி பக்கம் குதிரைமொழித் தேரி. முழுக்கச் செம்மண் மேடு, மணலா மண்ணா என்று சொல்ல முடியாத அளவுக்கு மெலிசு, இரும்புச்சத்தால் வந்த சிவப்பு. நடந்தால் கணுக்கால் வரை இறங்கும், வெள்ளை உடுப்பு போட்டுப் போனால் ஊர் வந்து சேரும்போது காவி. நடுவிலே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில், அந்தச் செந்தேரிக்குள் ஒரு சுனையில் தண்ணீரும் மரநிழலும். சுற்றிலும் வெறும் மணல் இருக்க இந்தத் தண்ணீர் எங்கிருந்து என்று பார்க்கிற எல்லோரும் கேட்பார்கள். மழைத் தண்ணீரை அந்த மணல் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது, தாழ்ந்த இடத்தில் ஊறி வருகிறது. மாமியார் கோயில் வரை காரிலேயே போகலாம், மேட்டில் ஏறுவது பையனும் அப்பாவும். காலை ஒன்பதுக்கு மேல் ஆகிவிட்டால் மணல் சுடும், செருப்பைக் கழற்ற முடியாது. ஜூன், ஜூலையில் காற்றுக் காலம், கண்ணைத் திறக்கவே முடியாது, அப்போது வேண்டாம்.

மணப்பாடு தனி அரை நாள். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்று, மேலே திருச்சிலுவைக் கோயில், 1581இல் கட்டியது. கீழே பாறைக் குகை, சவேரியார் 1542இல் வந்தபோது தங்கியது என்பார்கள். குன்றுக்கு ஒரு பக்கம் திறந்த கடல், அங்கே அலைச்சறுக்கு செய்கிறவர்கள் வருவார்கள். இன்னொரு பக்கம் உப்பங்கழி, இடுப்பளவு அமைதியான தண்ணீர், பையனை அங்கே இறக்குங்கள், பெரியவர் யாராவது கூட நிற்க வேண்டும். தெருவில் பெரிய பெரிய பழைய வீடுகள், பாதிக்குப் பூட்டு, வீட்டுக்காரர்கள் வேறு வேறு ஊரில். பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை பின்னுகிறார்கள், நேரிலேயே வாங்குங்கள், சென்னைக் கண்காட்சியில் இதே பெட்டிக்கு வேறு விலை.

பதநீர்: பிப்ரவரி கடைசி என்றால் அப்போதுதான் இறக்க ஆரம்பித்திருப்பார்கள், மார்ச் என்றால் கட்டாயம். காலையில் குடிக்க வேண்டும், வெயில் ஏற ஏற புளித்துவிடும். பனை ஓலையை மடித்துப் பட்டை கட்டி அதில் ஊற்றித் தருவார்கள், ஓலை வாசமும் சேர்ந்துதான் அதன் ருசி, டம்ளரில் கேட்காதீர்கள். கருப்பட்டி உடன்குடியில் வாங்குங்கள், புவிசார் குறியீடு 2023இல் கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி ரோட்டோரம் விற்பதில் சீனி கலந்தது நிறைய. விலை மலிவாக இருந்தால் அது கருப்பட்டி இல்லை, இவ்வளவுதான் என் சூத்திரம்.

பெரம்பூர்க்காரி

படிக்கப் படிக்க மறுபடி பட்டியல் நீள்கிறது, அலாரம் வேண்டாம் என்று நான் சொன்னது யாருக்காவது நினைவிருக்கிறதா? தேரிக்கு ஒன்பதுக்கு முன், பதநீருக்குக் காலையில்... உப்புக்காற்று தம்பி, ஏதாவது செய்யுங்கள்.

உப்புக்காற்று

செய்துவிட்டேன் அக்கா. மூன்று நாளில் ஒரே ஒரு நாள்தான் சீக்கிரம் எழுந்திருக்கிறீர்கள், அது தேரியும் மணப்பாடும் சேர்ந்த நாள். இப்படி:

ரயிலில் வந்து இறங்கிய நாள் எங்கும் போகாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். சாயங்காலம் பனிமய மாதா கோயில், அப்புறம் கடற்கரை, ராத்திரி பரோட்டா. இங்கே கடைப் பலகையில் நைட் கிளப் என்று எழுதியிருந்தால் மாமியாரைக் கூட்டிக்கொண்டு பின்வாங்காதீர்கள், பரோட்டாக் கடைக்கு எங்கள் ஊரில் பழைய பெயர் அது. அவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது என்பது வேறு விஷயம், சால்னாவே அசைவம்தான். அவருக்குப் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் சைவ ஹோட்டல்கள் இருக்கின்றன, முதலில் அவரைச் சாப்பிட வைத்துவிட்டு நீங்கள் போங்கள்.

அடுத்த நாள் ஆறு. ஒன்பதரைக்குக் கிளம்பினால் போதும். ஸ்ரீவைகுண்டமும் திருக்கோளூரும் நடை சாத்துமுன், மதியம் ஆதிச்சநல்லூர், சாப்பாடு, காரிலேயே ஒரு தூக்கம், நடை திறந்ததும் ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, கடம்பாகுளம், இருட்டுமுன் திரும்பல். பாசஞ்சர் ரயில் ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் இதற்குள் அதைத் திணித்தால் மறுபடி ஓட்டம். ரயில்_பைத்தியம் மன்னிக்க.

மூன்றாம் நாள்தான் அலாரம். தேரி, மணப்பாடு, மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். திருச்செந்தூர் தரிசனம் மாமியார் கட்டாயம் கேட்பார், திரும்பும் வழியில் சாயங்காலம் வையுங்கள்.

கிளம்பும் நாள் உப்பளம். ரயில் ராத்திரிதான், பகல் முழுக்க உங்களுடையது, சாயங்காலம் நாலரைக்கு மேல் போனால் போதும். எல்லோரும் கடல் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள் என்று நினைப்பார்கள், பெரும்பாலான அளங்களில் நிலத்தடி உவர்நீரைத்தான் இறைக்கிறார்கள். பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி விட்டுக் காயவைக்க, கெட்டியாகும் பாத்தியில் தண்ணீர் லேசாக ரோஜா நிறம் ஆகும். அதில் வெயில் சாயும் நேரத்தில் பாருங்கள். வரப்பில் நடக்கும்போது ஓரம் பொறுபொறுவென்று உடையும், பார்த்து வையுங்கள். வரப்போரம் வாரிக் குவித்த உப்பைப் பையன் நக்கிப் பார்ப்பான், விடுங்கள், லேசாகக் கசக்கும். அளத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். வேலை செய்கிறவர்களை, அதிலும் பெண்களை, கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். விடியுமுன் வந்து, கண் கூசும் வெள்ளையில் கொப்புளம் வந்த காலோடு நிற்கிறார்கள், மழைக்காலத்தில் வேலையே கிடையாது, அரசாங்கம் இப்போதுதான் சில வருடமாக அந்த மாதங்களுக்கு 5000 ரூபாய் தருகிறது. நம் ஆட்கள் வந்து செல்ஃபி எடுப்பது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோவை_அம்மணி

மக்ரூன் யாரும் சொல்லவில்லையே! ஆனால் பெரம்பூர்க்காரி, மாமியாருக்குக் கொடுத்துவிடாதீர்கள். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, இந்த மூன்றும்தான். பார்க்க வெள்ளையாகக் கூம்பு மாதிரி அப்பாவியாக இருக்கும், கடையில் "முந்திரி ஸ்வீட்" என்று சொல்வதை நம்பி எங்கள் பெரியம்மா தின்றுவிட்டு அப்புறம் விஷயம் தெரிந்து இரண்டு நாள் பேசவில்லை. கிளம்பும் நாளன்று வாங்குங்கள், காற்றுப் பட்டால் நமத்துவிடும், எவர்சில்வர் டப்பா ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.

குழைக்காதன்_அடிமை

முக்கியமான ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டோம். பிப்ரவரி, மார்ச்சில் திருச்செந்தூரில் மாசித் திருவிழா வரும், பன்னிரண்டு நாள். அதில் மாட்டினால் சாயங்காலம் போய் இருட்டுமுன் வருவதெல்லாம் நடக்காது, ரோடே நிற்கும். பஞ்சாங்கத்தில் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

பெரம்பூர்க்காரி

மாமியாரே பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார். திருவிழா நாங்கள் நினைத்த தேதியோடு சரியாக மோதுகிறது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, "திருவிழாவுக்கே போகலாமே" என்கிறார்! பேசிப் பேசி, திருவிழா முடிந்து ஒரு வாரம் தள்ளிப் போவதாக முடிவு. கணவர் லீவை மாற்றப் போயிருக்கிறார். பனங்காட்டான் அண்ணே, மார்ச் என்றால் பதநீர் உறுதிதானே?

பனங்காட்டான்

உறுதி. மணப்பாட்டிலிருந்து உடன்குடி வரும் ரோட்டில் பனைக்கடியில் குடத்தை வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள், காரை நிறுத்துங்கள். பையனுக்கு நுங்கு போட்டுத் தரச் சொல்லுங்கள், அந்தச் சமயம் கிடைத்தால்.

ரயில்_பைத்தியம்

மார்ச் என்றால் போக வர இரண்டு டிக்கெட்டுக்கும் 60 நாள் கணக்கை இன்றே காலண்டரில் குறித்து வையுங்கள். திரும்பும் முத்துநகரில் லோயர் பெர்த் சீக்கிரம் தீரும். அது கிடைக்கவில்லையென்றால் திருநெல்வேலி போய் வந்தே பாரத்தில் பகலில் வரலாம். ஆனால் அது அதிகாலை வண்டி, உங்களுக்கு மறுபடி அலாரம்.